எஞ்சிய நஞ்சுக்கு இட்ட வரம்பு

பயிருக்கு அடித்த பூச்சிமருந்து உணவுப்பொருளில் எவ்வளவு எஞ்சி நிற்கிறது என்று அளந்து பார்க்கும் தொழிலிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது என்பதை அறிந்தவர்கள், உறவினரானாலும் சரி, ரயிலில் எதிரே உட்கார்ந்து பிரயாணம் செய்பவரானாலும் சரி, என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: “எவ்வளவுக்கு மேல் போனால் விஷம்?” தாம் உண்பதையும் தம் குழந்தைகளுக்கு ஊட்டுவதையும் பற்றிய கவலையில் பிறக்கும் அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. ஆனால், சட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பயிருக்கும் நேரே அச்சிடப்பட்டிருக்கும் எண், எம்.ஆர்.எல். என்று நாங்கள் வழங்கும் உச்ச எச்ச வரம்பு, அந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டதன்று. மருந்தைப் புட்டியின் லேபிளில் கண்டபடி, கண்ட அளவில், கண்ட தடவைகள் அடித்து, கண்ட நாள்கள் காத்திருந்து அறுத்த காயில் அதிகபட்சமாக எவ்வளவு எஞ்சக்கூடும் என்ற வேறொரு கேள்விக்கே அது விடை. இந்த வேறுபாடு புரியாமல், வரம்பைத் தாண்டிய காய் என்று கேட்டதும் உயிருக்கே ஆபத்து வந்ததாக அலறுவோரும், வரம்புக்கு உட்பட்டது என்று கேட்டதும் இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவோரும் பெருகிவிட்டபடியால், அந்த எண் எங்கே பிறக்கிறது, யார் யார் கையில் வளர்கிறது என்பதை, அதன் பிறப்பிடத்தில் பல காலம் நின்றவன் என்ற உரிமையோடு எழுத முற்படுகிறேன்.

அதன் பிறப்பிடம் வயல். ஒரு மருந்தை வெண்டைக்குச் சிபாரிசு செய்ய வேண்டுமானால், வெண்டை விளையும் வெவ்வேறு சீதோஷ்ணமுள்ள பிரதேசங்களில் பரீட்சை வயல்கள் அமைத்து, ஒரு பாத்தியில் ஒன்றும் அடிக்காமலும், மற்றொன்றில் சிபாரிசு செய்யப்போகும் அளவிலும், வேறொன்றில் அதன் இரு மடங்கிலும் தெளித்து, தெளித்த ஈரம் உலர்ந்ததும் ஒருமுறையும், பிறகு 1, 3, 5, 7, 10, 15 என்ற நாள்களிலும் காய் பறித்து ஆராய வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையில் மருந்தில்லாப் பாத்தி இருக்க வேண்டும். பறிக்கும்போதும் அந்தப் பாத்தியில்தான் முதலில் கைவைக்க வேண்டும். மருந்தடித்த செடியைத் தொட்ட கையால் அதைத் தொட்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். வரப்போரத்துச் செடிகளை விட்டுவிட்டு, உச்சி, நடு, அடி என்று செடியின் எல்லா உயரத்திலும், மருந்து நேராகப் பட்ட காயும் இலைமறைவில் இருந்த காயும் கலந்து வருமாறு பறிப்பது ஒரு பயிற்சி. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் தம்மை அறியாமலே அழகான காய்களைப் பொறுக்குவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றவே ஒரு பருவம் ஆகும். பறித்த காயைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. சந்தைக்கு எந்த நிலையில் போகுமோ அந்த நிலையிலேயே பையிலிட்டுப் பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆராய்ச்சிசாலைக்கு அனுப்ப வேண்டும்.

எதை அளப்பது என்பதிலும் நியமம் உண்டு. வரம்பு என்பது நாம் தின்னும் பகுதிக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வாழைப்பழத்தைத் தோலோடு அரைத்துத்தான் அளக்கிறோம். மாம்பழத்தில் கொட்டையை நீக்கிவிட்டுச் சதையையும் தோலையும் ஆராய்ந்தாலும், கணக்கைக் கொட்டையின் எடையையும் சேர்த்து முழுப் பழத்துக்கே எழுதுகிறோம். முட்டைக்கோசில் அழுகியதும் வாடியதுமான இலைகளை மட்டும் களைந்துவிட்டு மற்றதை முழுவதுமாக எடுக்கிறோம். வண்டியில் ஏறிக் கடல் தாண்டிப் போகும் சரக்கு எதுவோ அதை அளப்பதற்கென்று ஏற்பட்ட கோல் இது. வாழைப்பழத் தோலில் தங்கிய மருந்து தின்பவன் வயிற்றுக்குப் போவதில்லை என்ற விஷயம் வேறிடத்தில், வேறு கணக்கில் வருகிறது.

வெண்டையை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நெல்லோ துவரையோ ஒருமுறை அறுத்தால் முடிந்தது; வெண்டையும் கத்தரியும் அப்படியல்ல. வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகிவிடும். லேபிளில் ‘மூன்று நாள் காத்திருக்கவும்’ என்று எழுதியிருக்கிறது, காய்த்துளைப்பான் புழு இன்று விழுந்திருக்கிறது, நாளை சந்தை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி தம் வரப்பில் நின்றுகொண்டு இதை என்னிடம் நேராகவே கேட்டார்: “ஏனுங்க சார், மூணு நாள் விட்டா காய் முத்திப்போயிருமுங்க. முத்தின காயை எந்த யாவாரி வாங்குவானுங்க?” அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பறிப்பு முடிந்த அன்று மாலையே அடித்து, அடுத்த பறிப்பை மட்டும் ஒருநாள் தள்ளிப்போட்டு, முற்றிய காயை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்ன யோசனையை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். காத்திருப்புக் காலத்தை நிர்ணயிப்பவர்கள் பறிப்பின் இடைவெளியை மறந்து நிர்ணயித்தால், கைக்கொள்ள முடியாத விதியை எழுதி, நேர்மையான குடியானவனையும் குற்றவாளியாக்குகிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு டேங்குக்கு இத்தனை மூடி என்று அளந்து ஊற்றுகிற கைக்கு எட்டும்படியாக அந்த விதி இருந்தாலொழிய, அதிலிருந்து பிறக்கும் எண்ணும் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆராய்ச்சிசாலைக்கு வந்த காயை நறுக்கி, உலர்பனிக்கட்டியோடு சேர்த்து அரைத்தால் மாவுபோல் ஆகிறது. பனியில்லாமல் அரைத்தால் வெண்டையின் வழவழப்பு அரவையில் பிசினாக ஒட்டிக்கொண்டு, ஒரு கரண்டியில் இருப்பது மறு கரண்டியில் இராது. அந்த மாவில் 15 கிராமை ஐம்பது மில்லி பிளாஸ்டிக் குழாயில் நிறுத்திட்டு, சிறிது அசெட்டிக் அமிலம் கலந்த அசெட்டோநைட்ரைல் 15 மில்லி ஊற்றி, நீரற்ற மக்னீசியம் சல்பேட்டையும் சோடியம் அசிட்டேட்டையும் கொட்டி, மூடி, கொட்டிய கணமே குலுக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் உப்பு நீரைக் குடித்துக் கல்லாகக் கட்டிக்கொள்ளும். உடனே குலுக்கினால் குழாய் உள்ளங்கையில் வெதுவெதுப்பதை உணரலாம். அனஸ்டாசியாடஸ், லெஹோட்டே முதலானோர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கெச்சர்ஸ்’ முறையின் வழி வந்தது இது. அதற்கு முன்னர் நாங்கள் ஒரு மாதிரிக்கு நூற்றுக்கணக்கான மில்லி கரைப்பானைப் பெரிய புனல்களில் குலுக்கி, ஆவியாக்கி, கண்ணாடிக் குழலில் வடித்து, நாள் முழுவதும் உழைத்ததை இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். பிறகு வருவது நிறைநிறமாலைமானி. ஆனால் அந்த விலையுயர்ந்த யந்திரத்தைவிட நான் பெரிதாக மதித்தது, மருந்தில்லாக் காயில் தெரிந்த அளவு மருந்தை நாமே கலந்து, அது திரும்ப நம் கணக்கில் வருகிறதா என்று பார்க்கும் மீட்புச் சோதனையைத்தான். நூறு பங்கு இட்டால் எழுபதிலிருந்து நூற்றிருபதுக்குள் திரும்ப வராத முறையில் கிடைத்த எந்த எண்ணுக்கும் பிரமாணம் கிடையாது.

இப்படி எட்டு வயல்களிலிருந்து, காத்திருப்புக் காலம் முடிந்த நாளில் பறித்த காயில் எட்டு அளவுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 0.08, 0.11, 0.12, 0.15, 0.19, 0.22, 0.30, 0.41 மில்லிகிராம். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நாள்கணக்கு. ஆயினும் மழையும் வெயிலும் இலையடர்த்தியும் தெளித்தவன் நடையும் சேர்ந்து ஐந்து மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கிவிட்டன. வரம்பை 0.41 என்று வைத்தால், ஒன்பதாவது வயலில் லேபிளை எழுத்துப் பிசகாமல் அனுசரித்த விவசாயி தண்டிக்கப்படக்கூடும். ஆகவே பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் கணக்கீட்டு முறைப்படி, சராசரியோடு நியம விலக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டுகிறோம். இங்கே அது ஏறக்குறைய 0.64 ஆகிறது. சராசரியின் மூன்று மடங்கும் பார்க்கிறோம், அது 0.59. இவற்றிலும் கண்ட உச்ச அளவிலும் எது பெரிதோ அதை எடுத்து, வழக்கிலுள்ள படிகளில் அடுத்ததற்கு ஏற்றினால், 0.7 என்று சட்டப் புத்தகத்தில் ஏறுகிறது. இதுவரை நடந்த கணக்கில் மனிதனின் ஈரலோ நரம்போ ஒரு வரியிலும் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

அவை வருவது இரண்டாவது கணக்கில். எலி, நாய், முயல் முதலிய பிராணிகளுக்கு மருந்தை வெவ்வேறு அளவுகளில், சிலவற்றுக்கு ஆயுள் முழுவதும் ஊட்டி, எந்த அளவில் எந்தக் கெடுதலும் புலப்படவில்லையோ அதைக் கண்டு, அதை நூறால் வகுக்கிறார்கள். பிராணிக்கும் மனிதனுக்கும் உள்ள பேதத்துக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள பேதத்துக்குப் பத்து. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமன், ஃபிட்ஸ்ஹ்யூ என்ற இருவர் 1954இல் எடுத்துரைத்த இந்த நூறும், பிரெஞ்சு நச்சியல் அறிஞர் ரெனே த்ரூவோ முதலானோர் வளர்த்த ‘ஒரு நாளில் ஏற்கத்தக்க அளவு’ என்ற கருத்தும் இன்றுவரை இந்தச் சாஸ்திரத்தின் தூண்களாக நிற்கின்றன. நாயிடம் கெடுதல் காணாத அளவு உடலெடைக் கிலோ ஒன்றுக்கு 1 மில்லிகிராம் என்றால், மனிதனுக்கு 0.01, அறுபது கிலோ மனிதன் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் 0.6 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். இனி, மேற்சொன்ன வெண்டையை அவன் தினமும் நூறு கிராம் தின்கிறான் என்று கொள்வோம். இங்கே கணக்கில் ஏறுவது 0.7 அன்று, எட்டு அளவுகளின் நடுவளவாகிய 0.17. ஆயுள் முழுவதும் தின்பவனுக்கு ஒருநாள் அதிகமும் ஒருநாள் குறைவுமாக வாய்ப்பதால் நடுவளவே பொருத்தம். அவ்விதம் பார்த்தால் அவன் பெறுவது 0.017 மில்லிகிராம், இதோடு அந்த மருந்து அனுமதிக்கப்பட்ட மற்றப் பயிர்கள் எல்லாவற்றிலிருந்தும் வருவதைக் கூட்டிப் பார்த்து, 0.6க்குள் அடங்கினால் மட்டுமே வயலில் பிறந்த 0.7க்கு அனுமதி. அடங்காவிட்டால் எண்ணைச் சற்றுக் குறைத்து எழுதிவிடுவதில்லை, எழுதவும் கூடாது. அந்தப் பயிரில் அந்தப் பிரயோகத்தையே விலக்க வேண்டும், அல்லது காத்திருக்கும் நாளைக் கூட்டி மறுபடியும் வயலுக்குப் போக வேண்டும்.

ஒரே வேளையில் நிறையத் தின்பவனுக்கு, அதிலும் குழந்தைக்கு, வேறு கணக்கு உண்டு. இங்கிலாந்தில் 1990களில் காரட்டுகளைக் கூட்டாக அரைக்காமல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, ஒரே குவியலில் ஒரு கிழங்குக்கும் மற்றொன்றுக்கும் பன்மடங்கு வித்தியாசம் இருப்பது வெளிப்பட்டு, தோலைச் சீவித் தின்னும்படி அங்குள்ள அரசாங்கமே 1995இல் ஜனங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. சராசரியின் நிழலில் ஒரு குழந்தையின் கையிலுள்ள ஒற்றைக் கிழங்கு மறைந்துவிடலாகாது என்று அன்று கற்ற பாடம் இன்று விதியாகவே இருக்கிறது. கலிபோர்னியாவில் 1985இல் ஆல்டிகார்ப் கலந்த தர்ப்பூசணியைத் தின்று பலர் நோயுற்றதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்தப் பழத்துக்கு அந்த மருந்து அனுமதிக்கப்படவே இல்லை.

வரம்பிடும் வழக்கமே வியாபாரத் தகராறில் கிளைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் பக்கத்தில் 1900இல் ஆர்செனிக் கலந்த பீரைக் குடித்துப் பலர் இறந்தபின், கெல்வின் பிரபுவின் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன் 1903இல் உணவில் ஆர்செனிக்குக்கு ஓர் அளவு சொல்லிற்று. கால் நூற்றாண்டு கழித்து, ஆர்செனிக் தெளித்த அமெரிக்க ஆப்பிளை இங்கிலாந்து அந்த அளவைக் காட்டி மறுக்கத் தொடங்கியபோதுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டது. நம் தேசத்திலோ, 1958இல் கேரளத்தில் பாரத்தியான் பட்ட கோதுமை மாவு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அந்தத் துயரத்தின் பின்னர், பத்து வருஷம் கழித்து, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. ஆனாலும் மருந்தைப் பதிவு செய்வது வேளாண்மை இலாகா, உணவில் வரம்பிடுவது சுகாதார இலாகா என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தபடியால், குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பது பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக்குழு 2004இல் தன் அறிக்கையைத் தந்தபோது, பதிவு பெற்று விற்பனையாகிக்கொண்டிருந்த மருந்துகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு உணவில் வரம்பே இல்லை என்ற நிலை வெளிச்சத்துக்கு வந்தது. வரம்பின்றி இனிப் பதிவில்லை என்ற ஏற்பாடு அதன்பின் உறுதிப்பட்டது. எங்களைப் போன்றவர்கள் பல காலமாக எழுதி அனுப்பிக் கொண்டிருந்த குறிப்புகள் அப்போதுதான் கோப்புகளிலிருந்து வெளியே வந்தன.

உலகத்துக்குப் பொதுவான வரம்பை எழுதுவது, உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் நிறுவிய கோடெக்ஸ் ஆணையம். அதன் பூச்சிமருந்து எச்சக் குழு 1966 முதல் நெதர்லாந்தின் த ஹேக் நகரிலும், 2007 முதல் சீனாவிலும் கூடிவருகிறது. வயல்கணக்கையும் நச்சுக்கணக்கையும் ஆராய்ந்து சொல்லும் நிபுணர் கூட்டம் வேறு. தேசங்கள் உட்கார்ந்து ஏற்பதும் மறுப்பதும் வேறு. எட்டுப் படிகள் ஏறிவரும் ஓர் எண்ணை ஒரு பிரதிநிதி எழுந்து ஆட்சேபிக்கும்போது, அவர் பேசுவது விஞ்ஞானமா, துறைமுகமா என்று பிரித்தறிய வெகுநேரம் ஆகும். பல சமயங்களில் இரண்டும் உண்மையாகவே கலந்திருக்கும். நெல்லின் குலைநோய்க்கு நம்மவர் அடிக்கும் ட்ரைசைக்ளசோலுக்கு அரிசியில் 1 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை ஐரோப்பிய யூனியன் 0.01 ஆகத் தாழ்த்தி 2018இலிருந்து அமல்செய்தபோது, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பாஸ்மதி பயிரிட்டவர்களின் நிலத்தில் ஒன்றும் மாறவில்லை, அரிசியிலும் ஒன்றும் மாறவில்லை. அந்த மருந்துக்கு அங்கே அங்கீகாரம் இல்லை, அதன் தீங்கின்மையைக் காட்டும் தரவு போதவில்லை என்ற முடிவு மட்டுமே புதிதாக வந்தது. அதுவே பாஸ்மதி வியாபாரத்தை ஆட்டிவைக்கப் போதுமானதாயிற்று.

இந்த 0.01 என்ற எண்ணைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. பத்துக் கோடியில் ஒரு பங்கு. எந்தப் பயிருக்கு எந்த மருந்தின் வரம்பு தனியே எழுதப்படவில்லையோ, அங்கே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தானாக வந்து உட்காரும் அளவு இது. எந்த எலியின் உடலிலிருந்தும் இது வரவில்லை. சாதாரண ஆராய்ச்சிசாலையின் யந்திரங்கள் நிச்சயமாக அளந்து சொல்லக்கூடிய கீழ்ப்படி எதுவோ அதுவே இது. அனுமதியில்லாத மருந்து இருக்கக் கூடாது என்பதை எண்ணால் எழுதிய விதம். அதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அனுமதி ஏன் இல்லை? பருத்திக்கும் நெல்லுக்கும் மிளகாய்க்கும் பரீட்சை நடத்தக் கம்பெனிகள் பணம் போடுகின்றன, மருந்து விற்றுப் பணம் திரும்பும் என்பதால். கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும் முருங்கைக்கும் யார் போடுவார்கள்? காரமடைப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் செங்காம்புக் கறிவேப்பிலை நிற்கிறது. அதற்கும் சாறுறிஞ்சிப் பூச்சியும் செதில்பூச்சியும் வருகின்றன. ஒரு கொத்தில் கறை படிந்தாலும் வியாபாரி தள்ளிவிடுகிறான். அந்தப் பயிருக்கென்று லேபிள் பெற்ற மருந்தோ அபூர்வம். ஆகவே விவசாயி பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்கு வாங்கியதையே இதற்கும் அடிக்கிறார். ஐரோப்பியத் துறைமுகங்களில் நம் கறிவேப்பிலைக்குத் தனிக் கெடுபிடி ஏற்பட்டதற்கும், 2015இல் தமிழகக் காய்கறிகளைப் பற்றிக் கேரளத்தோடு எழுந்த சச்சரவில் அதன் பெயர் முன்னே வந்ததற்கும், எத்தனை மருந்தைக் கண்டாலும் அத்தனையும் 0.01 என்ற அதே கோட்டைத் தாண்டியதாகக் கணக்காகும் இந்த நிலை ஒரு பெரிய காரணம். காய்ச்சி வடித்த சொல்லாக ‘வரம்பு மீறல்’ என்று பத்திரிகையில் வருகிறது. அவற்றில் எது உடலுக்குக் கெடுதல், எது வெறும் அனுமதியின்மை என்று அந்தச் செய்தியைப் படிப்பவர் அறிய வழியில்லை. உண்மையிலேயே ஆபத்தான மருந்து அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவும் அது இடங்கொடுக்கிறது. என்னைப் பெரிதும் கலக்கியது இந்தப் பின்னதுதான்.

இதற்கு மாற்றாக, இந்தியாவில் பதிவு பெறாத மருந்துகளுக்கு வாசனைப் பொருள்களிலும் மூலிகைகளிலும் 0.01ஐ 0.1 ஆக உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் உயர்த்தியபோது பெரும் கூக்குரல் எழுந்தது. பச்சை மிளகாய் வற்றலாகும்போது நீர் போய் எடை சுருங்குவதால் எச்சத்தின் செறிவு பத்து மடங்கு வரை ஏறும் என்பதையும், கறிவேப்பிலை போன்ற இலையில் எண்ணெயும் பச்சையமும் மிகுந்து யந்திரத்தைக் குழப்பும் என்பதையும், அந்தப் பச்சையத்தை நீக்கச் சேர்க்கும் கரித்தூள் சில மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதையும் அறிந்தவன் என்ற முறையில், உயர்த்தியதன் உள்நோக்கத்தைப் பற்றி நான் சந்தேகம் எழுப்பமாட்டேன். எனினும் ஒரு வயலிலும் அளக்காமல் மாற்றிய எண், தாழ்த்தினாலும் உயர்த்தினாலும், எனக்குத் திருப்தி அளிப்பதில்லை. வாசனைப் பொருள்களுக்குப் பரீட்சை வயலுக்குப் பதிலாகச் சந்தையில் தொடர்ந்து எடுத்த மாதிரிகளின் அளவுகளைக் கொண்டே வரம்பிடலாம் என்று கோடெக்ஸ் இசைந்திருக்கிறது. மலைக்காடுகளில் சிதறி விளையும் ஏலம், மிளகு போன்றவற்றுக்கு அது தகும். வரிசையாக நட்டுப் பாசனம் செய்து மாதக்கணக்கில் அறுக்கும் கறிவேப்பிலைக்கு அந்தச் சலுகை அவசியமில்லை.

அமெரிக்காவில் ஐ.ஆர்.-4 என்ற திட்டம், கம்பெனிகள் சீந்தாத சிறுபயிர்களுக்காகவே 1963 முதல் பொதுப்பணத்தில் பரீட்சை வயல்களை நடத்தி வரம்புகளைப் பெற்றுத் தருகிறது. அதைப்போல ஒன்றை நம் விவசாய சர்வகலாசாலைகளின் வயல்களில், ஆண்டுதோறும் மானியத்துக்காகக் கைநீட்டாத நிரந்தர ஏற்பாடாக நடத்துவதற்கு வேண்டியவை அதிகமில்லை. காரமடையில் ஒரு வயல், செம்மண் கரட்டில் ஒன்று, கடற்கரை ஈரக்காற்றில் ஒன்று, ஆந்திரத்தில் ஒன்று. பூச்சிக்குப் பலிக்கக்கூடியதும் நச்சுக்குறைந்ததுமான மருந்துகளில் நான்கைந்து. கவாத்து முடிந்து கொழுந்து விடும் பருவத்தில் ஒரு தெளிப்பு, பூச்சி மறுபடி வந்தால் இன்னொன்று. காம்போடு அளப்பதா, உருவிய இலையை மட்டும் அளப்பதா என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துக் கொள்ளுதல். தாளித்த இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குபவரும் உண்டு, துவையலாக அரைத்து உண்பவரும் உண்டு என்பதால், நம் வீடுகளில் நாளொன்றுக்கு எத்தனை கிராம் உட்செல்கிறது என்பதைக் கேட்டு நிறுத்துப் பார்த்தல். இரண்டு பருவங்களில் எட்டு அளவுகள் கிடைத்துவிடும்.